ஐம்பது மைலும் ஒரு மணி நேரமும்

என் ஐம்பது மைல் ஓட்டத்துக்காகப் பணம் அனுப்பியவர்களுக்கு முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தந்த தொகை முழுவதும் படைவீரர்களின் மனநலச் சிகிச்சைக்கு உதவும் ஹெட்ஸ்ட்ராங் அமைப்புக்கு நேரடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. என் வங்கிக் கணக்குக்கு அது வரவே இல்லை. நன்கொடைப் பக்கத்தை அப்படித்தான் அமைத்திருந்தேன். நுழைவுக் கட்டணம், காலணி, பயணம், தங்கிய விடுதி எல்லாம் என் சொந்தச் செலவு. நல்ல காரியத்துக்காக ஓடுகிறேன் என்று யார் வந்து நின்றாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. கேட்ட சித்தப்பாவுக்கு நன்றி. கேட்கத் தயங்கிய மற்றவர்களும் இனி தயங்க வேண்டாம்.

அடுத்த கேள்வியை அம்மா மதுரையிலிருந்து போனில் கேட்டாள். "ஏண்டி, காசு குடுக்கணும்னா நேரா குடுத்துட்டுப் போக வேண்டியதுதானே? அதுக்கு எதுக்கு எண்பது கிலோமீட்டர் ஓடணும்?"

நியாயமான கேள்வி. பல நாள் எனக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்த கேள்விதான். கடைசியில் அவளுக்குப் புரிகிற மாதிரி ஒன்று சொன்னேன். "பழனிக்கு நடந்து போறவங்கள வழியில முன்னப் பின்னத் தெரியாதவங்ககூட நிறுத்தி மோர் குடுத்து விசாரிக்கிறாங்கல்லம்மா. பஸ்ல போறவங்கள யாரு விசாரிக்கிறா?" சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "சரி, வயித்தக் காயப்போட்டுட்டு ஓடாத" என்றாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

உண்மையில் நடந்ததும் அதுதான். அலுவலகத்தில் காபி ஊற்றிக்கொண்டே யாரும் யாரிடமும் படைவீரர்களின் மனநலம் பற்றிப் பேச்செடுப்பதில்லை. ஆனால் ஐம்பது மைல் என்றால் நின்று கேட்கிறார்கள். ஏன், எதற்கு, யாருக்காக என்று கேள்வி வளரும். பதில் சொன்னால், கேட்டவர்களில் சிலர் குரலைத் தாழ்த்தி, "என் அண்ணன் ஆப்கானிஸ்தானில் இருந்தான்", "என் அப்பா வியட்நாம் போய் வந்தவர், எங்களோடு ஒழுங்காகப் பேசியதே இல்லை" என்று ஆரம்பிக்கிறார்கள். வருடக்கணக்கில் பக்கத்து மேஜையில் இருந்தவர்கள்! நான் ஓடியது இந்தப் பேச்சுகளைத் திறந்துவிடத்தான். பணம் அவற்றின் பின்னால் தானாக வந்தது.

சரி, நானோ வேலைக்காக இந்த நாட்டுக்கு வந்தவள். என் குடும்பத்தில் அமெரிக்க ராணுவச் சீருடை அணிந்தவர் யாரும் இல்லை. எனக்கு ஏன் இந்த அக்கறை?

அமெரிக்காவில் கட்டாய ராணுவச் சேவை 1973இல் நின்றது. அதன்பின் விருப்பப்பட்டுச் சேர்கிறவர்களை வைத்தே படை நடக்கிறது. இப்போது பணியில் இருப்பவர்கள் மக்கள்தொகையில் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. இருபது வருடம் இந்த நாடு ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போரில் இருந்தபோது, பெரும்பாலான வீடுகளில் அதன் சத்தம் கேட்கவே இல்லை. அதே குடும்பங்களின் பிள்ளைகளே மறுபடி மறுபடி அனுப்பப்பட்டார்கள். மூன்றாம் முறை, நான்காம் முறை போய் வந்தவர்கள் சாதாரணமாகக் கிடைப்பார்கள். நான் இருக்கும் வடக்கு வர்ஜீனியாவில், பென்டகனுக்கு அக்கம்பக்கத்தில், கடையில் வரிசையில் முன்னால் நிற்பவர் அப்படிப்பட்டவராக இருக்க வாய்ப்பு அதிகம். நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

எனக்குத் தெரியவந்தது ஒரு ஜூலை மாதத்தில். எங்கள் தெருவில் ஒரு வீட்டுப் புல்தரையில் சின்னப் பலகை ஒன்று நட்டிருந்தார்கள். போர் கண்ட வீரர் ஒருவர் இந்த வீட்டில் இருக்கிறார், வெடி வெடிக்கும்போது தயவுசெய்து நினைவில் கொள்ளுங்கள் என்ற பொருளில் ஒரு வரி. சுதந்திர தின வாணவேடிக்கைக்காக இப்படிப் பலகை வைக்கும் வழக்கம் இங்கே பல ஊர்களில் உண்டு. அவர் கேட்பது வெடியை நிறுத்தச் சொல்லி அல்ல. எப்போது என்று தெரிந்தால் போதும், ஆயத்தமாக இருப்பார். நடுநிசியில் எதிர்பாராமல் கேட்கும் ஒற்றை வெடிதான் அவரை உலுக்கிவிடும். தீபாவளிக்கு எங்கள் குடியிருப்பில் தமிழர்களும் தெலுங்கர்களும் சேர்ந்து வெடிப்போம். அந்த வருடத்திலிருந்து, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிப்போம் என்று எழுதி வீடு வீடாகக் கொடுக்கிறோம். அந்த வீட்டுக்காரர் ஒருமுறை வந்து ஒரு தட்டு இனிப்பு வாங்கிப் போனார்.

அதன் பிறகுதான் என் அலுவலக நண்பர் ஒருவர் வாய் திறந்தார். பெயர் போட வேண்டாம் என்றார்; போடவில்லை. இங்கே அவரைப் பற்றி எழுதியிருப்பதை முழுக்க அவருக்கு ஆங்கிலத்தில் சொல்லி, சரி என்ற பிறகே பதிகிறேன். ஈராக்கில் தரைப்படையில் இருந்தவர். திரும்பி வந்து பல வருடம், சாலையோரம் குப்பைப் பை கிடந்தால் அந்தத் தடத்தைவிட்டு விலகித்தான் கார் ஓட்டுவாராம். அங்கே அப்படிப்பட்ட பைகளில் வெடிகுண்டு இருந்தது. உணவகத்தில் கதவைப் பார்த்த இருக்கைதான் வேண்டும். தூக்கம் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம். மகளின் பள்ளி நாடகத்துக்குப் போய், கூட்டத்தைக் கண்டு பாதியில் எழுந்து வெளியே வந்து காரில் உட்கார்ந்திருக்கிறார். "அவளுக்கு என்ன காரணம் சொல்வது என்று தெரியவில்லை. அதுதான் என்னைச் சிகிச்சைக்கு அனுப்பியது" என்றார்.

அவருக்காகத்தான் ஜே.எஃப்.கே. 50 ஓட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன். நிதி திரட்டுவதற்கென்றே நடத்தப்படும் நடைகளும் ஓட்டங்களும் நிறைய இருக்கின்றன. ஆனால் இந்த ஓட்டம் பிறந்ததே ராணுவத்திலிருந்து. அந்தக் கதையைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

1908இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், கடற்படைத் தரைப்படையான மரீன் படையின் அதிகாரிகள் ஐம்பது மைல் தூரத்தை மூன்று நாளுக்குள், மொத்தம் இருபது மணி நேரத்தில் நடந்து காட்ட வேண்டும் என்று ஆணையிட்டிருந்தார். யாரும் நினைவில் வைத்திராத அந்தத் தாள் 1962 கடைசியில் மரீன் படையின் தலைவர் டேவிட் ஷூப் கையில் கிடைத்து, அதிபர் ஜான் எஃப். கென்னடியிடம் போனது. இன்றைய அதிகாரிகளால் முடியுமா என்று கென்னடி கேட்டார். 1963 பிப்ரவரியில் மரீன்கள் நடந்தார்கள். அதற்குள் செய்தி பரவி, மாணவர்கள், தபால்காரர்கள், இல்லத்தரசிகள் என்று நாடே ஐம்பது மைல் நடக்கக் கிளம்பியது. அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி, பனி மூடிய பொட்டோமேக் ஆற்றங்கரை வாய்க்கால் பாதையில் தோல் ஷூவோடு புறப்பட்டு, பதினெட்டு மணி நேரத்துக்குச் சற்று முன்னால் முடித்தார். கூட வந்த அலுவலர்கள் ஒவ்வொருவராக வழியில் நின்றுவிட்டார்கள்.

அந்த வசந்தத்தில் மேரிலாந்தின் பூன்ஸ்பரோவில் பஸ் சாயர் என்பவர் தன் ஓட்டக் குழுவோடு தொடங்கியதுதான் இந்த ஜே.எஃப்.கே. 50. முதல் வருடம் கிளம்பியவர்கள் பதினொரு பேர். முடித்தவர்கள் நான்கு பேர். நவம்பரில் கென்னடி கொல்லப்பட்ட பிறகு மற்ற ஊர்களில் எல்லாம் இந்த ஆர்வம் அடங்கிவிட்டது. இங்கே மட்டும் நிற்கவில்லை. இன்று வருடந்தோறும் நவம்பரில் நடக்கிறது. அமெரிக்காவின் மிகப் பழைய அல்ட்ரா மாரத்தான் இது. ராணுவ அணிகளுக்குத் தனிக் கோப்பையும் உண்டு. தொடக்கக் கோட்டில் என் முன்னால் பின்னால் எல்லாம் படைப்பிரிவின் பெயர் போட்ட சட்டைகள்.

பயிற்சியைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. ஒன்று மட்டும்: சனிக்கிழமை நீண்ட ஓட்டம், அந்தக் களைப்போடு ஞாயிற்றுக்கிழமை இன்னொரு நீண்ட ஓட்டம், இதுதான் அடிப்படை. களைத்த காலோடு ஓடிப் பழகுவதற்காக. தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே ஓடினால் ரத்தத்தில் உப்பு குறைந்து ஆபத்தாகிவிடும். எனக்கு உப்பு மாத்திரையைவிட, வீட்டில் உருட்டி எடுத்துப்போன உப்பு போட்ட தயிர்சாத உருண்டைதான் ஒத்துக்கொண்டது. நவம்பர் குளிரில் அது கெடவும் இல்லை.

இனி பாதை. பூன்ஸ்பரோ ஊரிலிருந்து தார்ச்சாலையில் ஏறி, மலையுச்சிக் கணவாயில் அப்பலாச்சியன் டிரெயிலைப் பிடிக்க வேண்டும். ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை இரண்டாயிரம் மைலுக்கும் மேல் நீளும் மலைப்பாதையில் ஒரு சின்னத் துண்டு. சின்னது என்றாலும் முழுக்கப் பாறை. நவம்பரில் உதிர்ந்த இலைகள் கற்களை மூடியிருக்கும். எங்கே கால் வைக்கிறோம் என்றே தெரியாது. அக்கம்பக்கத்தில் ஆட்கள் விழுந்துகொண்டே இருந்தார்கள். விழுந்தவரைப் பின்னால் வருபவர் தூக்கிவிட்டு, ஒன்றுமில்லையே என்று கேட்டுவிட்டு ஓடுவார்.

இந்த டிரெயிலை ஒரே மூச்சில் முழுதாக நடந்து முடித்ததாக முதலில் அறிவித்தவர் ஏர்ல் ஷாஃபர். 1948இல். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பியவர். சிறுவயதிலிருந்து கூடவே மலையேறித் திரிந்த நண்பனை இவோ ஜீமாவில் இழந்தவர். ராணுவத்தைத் தன் உடம்பிலிருந்து நடந்தே வெளியேற்றப் போகிறேன் என்ற எண்ணத்தோடு புறப்பட்டதாகப் பிறகு சொல்லியிருக்கிறார். அன்று அவருக்கு வேறு எந்தச் சிகிச்சையும் கிடைத்திருக்காது. ஷான் கோபின் என்ற மரீன் அதிகாரி ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பி 2012இல் இதே டிரெயிலை முழுக்க நடந்தார். அடுத்த வருடம் முதல் மற்ற படைவீரர்களையும் இதேபோல் அனுப்பிவைக்கும் ஏற்பாட்டைத் தொடங்கினார். நான் ஓடிய பாறைகள் மேல் இப்படி எத்தனை பேர் நடந்திருக்கிறார்கள்!

அது மட்டுமா, இந்த மலையே ஒரு போர்க்களம். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 செப்டம்பர் 14 அன்று டர்னர்ஸ், ஃபாக்ஸஸ், கிராம்ப்டன்ஸ் என்ற மூன்று கணவாய்களிலும் வடக்குப் படையும் தெற்குப் படையும் மோதின. ஓட்டப் பாதை மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுப் போகிறது. மூன்று நாள் கழித்து, மலைக்கு மேற்கே ஆன்டீட்டம் ஓடையருகில், ஒரே நாளில் சுமார் 23,000 பேர் செத்தோ காயம்பட்டோ காணாமலோ போனார்கள். அமெரிக்க வரலாற்றில் அதைவிட ரத்தம் சிந்திய நாள் இல்லை.

அந்த உள்நாட்டுப் போரில் பிழைத்தவர்களைத்தான் ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர் ஃபிலடெல்ஃபியா ராணுவ மருத்துவமனையில் பார்த்தார். நெஞ்சு படபடக்கிறது, மூச்சு திணறுகிறது, மார்பு வலிக்கிறது, தூக்கமில்லை என்று வந்தார்கள். இதயத்தைச் சோதித்தால் பழுது எதுவும் தெரியவில்லை. 1871இல் அவர் எழுதிய கட்டுரை முந்நூறு பேருக்குக் குறையாதவர்களைப் பற்றியது. படைவீரன் இதயம் என்றே அந்த நோய்க்குப் பெயர் வந்தது. முதல் உலகப் போரில் குண்டதிர்ச்சி, இரண்டாவதில் போர்க்களைப்பு. ஒவ்வொரு போரும் புதிதாகப் பெயர் வைத்தது. போர் முடிந்ததும் மறந்தது. வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள்தான் மறக்க விடவில்லை. 1970 வாக்கில் நியூயார்க்கில் அவர்களே வட்டமாக உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். ராபர்ட் ஜே லிஃப்டன், கைம் ஷாட்டன் போன்ற மனநல மருத்துவர்கள் அந்த வட்டத்தில் போய் அமர்ந்து கேட்டார்கள். அவர்களும் மற்றவர்களும் பத்து வருடம் விடாமல் போராடியதில் 1980இல் பி.டி.எஸ்.டி. என்ற பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் இடம்பிடித்தது. அதற்கு முந்தைய வருடம் நாடாளுமன்றம் வெட் சென்டர் என்ற ஆலோசனை நிலையங்களுக்கு வழிசெய்தது. நோயாளிகளே போராடித் தங்கள் நோயை அங்கீகரிக்க வைத்த இந்த வரலாறு எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

வெவர்ட்டன் குன்றில் பாதை மடிந்து மடிந்து கீழே இறங்குகிறது. இறங்கினால் பொட்டோமேக் ஆறு, அதையொட்டி சி அண்ட் ஓ வாய்க்கால். முன்பு கோவேறு கழுதைகள் படகை இழுத்துக்கொண்டு நடந்த கரை இது. ராபர்ட் கென்னடி தோல் ஷூவோடு நடந்ததும் இதே கரையின் கீழ்ப்பகுதியில்தான். இங்கே 26 மைல், ஏறக்குறைய ஒரு முழு மாரத்தான், மேடு பள்ளம் இல்லாமல் போகிறது. பாறைக்குப் பிறகு சமதரை சுகம் என்றுதான் எல்லோரும் நினைப்போம். ஆனால் ஒரே தசை ஒரே மாதிரி ஆயிரக்கணக்கான முறை வேலை செய்ய, ஆன்டீட்டம் ஓடையின் பழைய கல்பாலத்தைத் தாண்டும்போது தொடை மரத்துவிட்டது. முப்பதாவது மைலுக்குப் பிறகு இடது பாதத்தில் கொப்புளம் உடைந்தது. ஒவ்வொரு அடியிலும் தெரிந்தது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இப்படி ஓடுகிறவர்கள் எழுதும்போது, என் வலி வழியாக வீரர்களின் வலியைப் புரிந்துகொண்டேன் என்று முடிப்பதைப் பலமுறை படித்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எனக்குப் புரிந்தது அதற்கு நேர்மாறு. அந்த வாய்க்கால் கரையில் சில மைலுக்கு ஒரு எய்டு ஸ்டேஷன் இருக்கிறது. சூடான சூப் இருக்கிறது, நாற்காலி இருக்கிறது. போதும் என்று ஒரு வார்த்தை சொன்னால் எண் அட்டையை வாங்கிக்கொண்டு, போர்வை போர்த்தி, காரில் ஏற்றி விடுதியில் விடுவார்கள். யாரும் என்னைச் சுடவில்லை. என் பக்கத்தில் யாரும் சாகவில்லை. வலி நான் கேட்டு வாங்கியது. எந்த நிமிடமும் திருப்பிக் கொடுத்துவிடலாம். என் நண்பருக்கு அந்த உரிமை ஈராக்கிலும் கிடைக்கவில்லை, ஊருக்குத் திரும்பிய பின் இரவு மூன்று மணிக்கும் கிடைக்கவில்லை. அந்த இடைவெளியை இட்டு நிரப்ப முயலாமல், அது அங்கே இருக்கிறது என்று தெரிந்து ஓடினாலே போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

முப்பத்தெட்டாவது மைல் தாண்டிக் கொஞ்ச தூரம் ஒரு பெண்மணி என் கூடவே வந்தார். ராணுவத்தில் செவிலியர் உதவியாளராக இருந்தவர். இருவருமே ஓட முடியாமல் வேகமாக நடந்துகொண்டிருந்தோம். நான் எதற்காக ஓடுகிறேன் என்று சட்டையில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, "பெண்களையும் சேர்த்துத்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். படைவீரர் என்றதும் எல்லோர் மனதிலும் ஆண்தான் வருகிறான், மருத்துவமனை வரவேற்பில்கூட உங்கள் கணவர் எங்கே என்று கேட்கிறார்கள் என்றார். முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவச் சேவைக்கு வரும் பெண்களிடம் கேட்டுப் பார்த்ததில், ஏறக்குறைய மூவரில் ஒருவர் பணிக்காலத்தில் பாலியல் கொடுமையோ சீண்டலோ நடந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். எதிரி தந்த காயம் அல்ல அது, கூட நின்றவர்கள் தந்தது. அதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெண்களையும் சேர்த்துத்தான் என்பதை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அணைக்கட்டு எண் நான்கில் வாய்க்காலை விட்டு மேலே ஏறினால், கடைசி எட்டு மைல் பண்ணை வீடுகளுக்கு நடுவே ஏறி இறங்கும் சாலை. நவம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். இருட்டில் வில்லியம்ஸ்போர்ட் போய்ச் சேர்ந்தேன். பதக்கம் போட்டார்கள், பள்ளிக்கூடத்துக்குள் உட்கார வைத்துச் சூடாகச் சாப்பிடக் கொடுத்தார்கள். ஓட்டக் கதை அவ்வளவுதான்.

இனி நீங்கள் தந்த பணம் என்ன செய்கிறது என்பதற்கு வருகிறேன். இந்தப் பதிவை நான் எழுதுவதே இதற்காகத்தான்.

ஹெட்ஸ்ட்ராங்கை 2012இல் தொடங்கியவர் ஜாக் இஸ்கால். ஈராக்கின் ஃபல்லூஜாவில் சண்டையிட்ட மரீன் அதிகாரி. போருக்குப் பிந்தைய வருடங்களில் தன்னோடு இருந்தவர்கள் தற்கொலையில் போவதைப் பார்த்துத் தொடங்கினார். படைவீரர்களுக்குச் செலவில்லாமல், ரகசியம் காத்து, தேர்ந்த உளவியல் சிகிச்சையாளர்களிடம் சிகிச்சை ஏற்பாடு செய்கிறது. அமெரிக்காவில் ஒரு சிகிச்சையாளரோடு ஒரு மணி நேரம் உட்கார நூறிலிருந்து இருநூறு டாலர், பெருநகரங்களில் அதற்கும் மேல் ஆகும். நீங்கள் வாங்கித் தந்தது அப்படிப்பட்ட மணி நேரங்கள்.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கிறது? என் நண்பர் விளக்கினார். நன்றாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட சிகிச்சைகள் சில இருக்கின்றன. அவர் எடுத்துக்கொண்டது எட்னா ஃபோவா உருவாக்கிய முறை. வாரம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம், எட்டிலிருந்து பதினைந்து அமர்வுகள். நடந்த சம்பவத்தைக் கண்ணை மூடிக்கொண்டு, இப்போது நடப்பதுபோல் சொல்ல வேண்டும். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து. அதைப் பதிவு செய்து தருவார்கள். வீட்டில் தினமும் கேட்க வேண்டும். அத்தோடு, தவிர்த்து வந்த இடங்களுக்குப் படிப்படியாகப் போக வேண்டும். சனிக்கிழமை மாலை, கூட்டம் நெரியும் சூப்பர்மார்க்கெட்டில் வரிசையின் நடுவில் நின்று, நெஞ்சு படபடத்து, தானாக அடங்கும் வரை அங்கேயே நிற்பது அவருக்கு ஒரு வீட்டுப்பாடம். "மூன்றாம் வாரம் விட்டுவிடலாம் என்றிருந்தது. எதையெல்லாம் பன்னிரண்டு வருடம் மூடி வைத்திருந்தேனோ அதைத் தினமும் இயர்போனில் கேட்பது எப்படி இருக்கும்?" என்றார். விடவில்லை. பட்ரிஷியா ரெசிக் வகுத்த இன்னொரு முறை பன்னிரண்டு அமர்வுகள். அதில், என்னால்தான் அவன் செத்தான் என்பதுபோல் மனதில் இறுகிப்போன முடிவுகளைத் தாளில் எழுதி, ஆதாரம் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்ப்பார்கள்.

இதில் வேடிக்கை பார்க்க ஒன்றும் இல்லை. படம் எடுத்துப் போட முடியாது. ஓர் அறை, இரண்டு நாற்காலி, ஒரு பெட்டி டிஷ்யூ. ஆனால் குணமாக்குவது அதுதான். ஓடுவதும் நடப்பதும் தூக்கத்துக்கும் மனதுக்கும் நல்லது; கூட்டாளிகளைத் தரும். ஆனால் அது சிகிச்சை ஆகாது. ஓடு, சரியாகிவிடும் என்று ஒரு படைவீரரிடம் சொல்வது, சர்க்கரை நோயாளியிடம் மாத்திரையை நிறுத்திவிட்டு நடக்கச் சொல்வதைப் போல ஆபத்தானது.

எண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு 22 படைவீரர்கள் தற்கொலை செய்துகொள்கிறார்கள் என்ற வாசகத்தை இங்கே சட்டைகளில் பார்க்கலாம். 22 தண்டால், 22 மைல் என்று நிதி திரட்டுவார்கள். அந்த எண் 2013இல் வெளியான ஓர் அரசு அறிக்கையில் சில மாநிலங்களின் தரவிலிருந்து எடுத்த மதிப்பீடு. பின்னர் நாடு முழுமைக்கும் சேர்த்துக் கணக்கிட்டபோது, 2022இல் 6,407 பேர். நாளுக்குச் சராசரி 17.6. குறைந்த எண் என்பதால் துயரம் சிறிதாகிவிடாது. மற்ற வயதுவந்தோரைவிட இவர்களிடம் தற்கொலை விகிதம் இன்னும் அதிகம்தான். ஆனால் நான் என் நன்கொடைப் பக்கத்தில் 22ஐப் போடவில்லை. உயிர்களைப் பற்றிப் பேசும்போது எண்ணிலாவது கவனம் வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. படைவீரர்கள் எல்லோரும் மனம் உடைந்தவர்கள் என்று நினைப்பதும் அவர்களுக்குச் செய்யும் தீங்கு. மொத்தப் படைவீரர்களில் வாழ்நாளில் எப்போதாவது பி.டி.எஸ்.டி. வருவது நூற்றில் ஏழு பேருக்கு என்கிறது அரசின் பி.டி.எஸ்.டி. தேசிய மையம். ஈராக், ஆப்கானிஸ்தான் போய் வந்தவர்களிடம் அது நூற்றில் இருபத்தொன்பது. பெரும்பாலோர் நன்றாகவே இருக்கிறார்கள். வேலைக்குப் போனால் முதலாளி சந்தேகமாகப் பார்ப்பார் என்ற பயமே பலரைச் சிகிச்சைக்குப் போகவிடாமல் தடுக்கிறது என்று நண்பர் சொன்னார். அனுதாபப் படங்களைப் பகிர்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

தற்கொலையில் இறந்த படைவீரர்களில் பத்தில் ஏழுக்கும் மேற்பட்டோர் துப்பாக்கியால் இறந்திருக்கிறார்கள். ஆத்திரமோ விரக்தியோ உச்சத்தில் இருக்கும் சில நிமிடங்களைக் கடத்திவிட்டால் உயிர் பிழைக்கிறது என்பதால், துப்பாக்கியைப் பூட்டி வைக்கவோ நம்பிக்கையான ஒருவரிடம் சில நாள் கொடுத்து வைக்கவோ சொல்கிறார்கள். என் நண்பருடைய துப்பாக்கிப் பெட்டகத்தின் சாவி இரண்டு வருடம் அவர் மாமனாரிடம் இருந்தது. சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டதைத் தவிர அவர் ஒன்றும் பேசவில்லையாம்.

எழுதி முடிக்கும் நேரத்தில், சிறுவயதில் ஊரில் எங்கள் தெருவில் இருந்த மிலிட்டரிக்காரர் நினைவுக்கு வருகிறார். இலங்கையிலிருந்து 1990இல் இந்திய அமைதிப்படை திரும்பியபோது அதனுடன் வந்தவர். அவர் வீட்டுக்குள் பந்து விழுந்தால் போய்க் கேட்கக் கூடாது, கோபக்காரர் என்று எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். கதவு எப்போதும் சாத்தியிருக்கும். ராத்திரி முழுக்க முற்றத்தில் நடப்பார் என்று அவர் மனைவி அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். குடிக்கிறார், கோபப்படுகிறார் என்பதற்கு மேல் அன்று யாருக்கும் பேசத் தெரிந்திருக்கவில்லை. அங்கே அவர் என்ன பார்த்தார், என்ன செய்ய நேர்ந்தது என்று கேட்க ஓர் ஆள் இல்லை. கேட்கிற ஒருவரும் ஒரு மணி நேரமும் அவருக்கும் கிடைத்திருக்க வேண்டும்.

நம் ஊரில் இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. டெலி மனஸ் என்ற இலவசத் தொலைபேசி ஆலோசனை 2022 அக்டோபரில் தொடங்கியது. எண் 14416, தமிழிலும் பேசலாம். படையினருக்கும் அவர்கள் குடும்பத்துக்குமான தனிப் பிரிவு 2023 டிசம்பரில் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கப்பட்டது. உங்கள் வீட்டில், தெருவில் முன்னாள் ராணுவத்தினர் இருந்தால் இந்த எண்ணை எழுதிக் கொடுங்கள்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு: 988ஐ அழைத்து எண் 1ஐ அழுத்தினால் படைவீரர்களுக்கான நெருக்கடி உதவி எண். எந்த நேரமும் ஆள் இருப்பார்கள். அழைப்பவர் படைவீரராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அவரைப் பற்றிக் கவலைப்படும் மனைவி, பிள்ளை, பக்கத்து வீட்டுக்காரர், அலுவலக நண்பர் யார் வேண்டுமானாலும் அழைத்து, என்ன செய்வது என்று கேட்கலாம். நன்கொடைப் பக்கத்தை வருடக் கடைசி வரை திறந்தே வைத்திருக்கிறேன்.